வழி நோட்டு

அந்த ஒரு ஷார்ப் விட்டுப்போனதற்கு மழையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். நாலு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் ஈரம். விறைப்பாக நிற்க வேண்டிய தாள் கை பட்டதும் துவண்டது. மை காய மாட்டேன் என்று அடம் பிடித்தது.

பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் நோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் பென்சிலில் கிறுக்கித் தரும் பெரிய ஸ்கோரிலிருந்து வயலினுக்கு, வயோலாவுக்கு, செல்லோவுக்கு, பேஸுக்கு என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக மையால் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. சாப்பாட்டு மேசையே அவளுக்கு ஆபீஸ். சாப்பிட்ட தட்டை எடுத்து, இரண்டு தரம் துடைத்து, பழைய விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எழுதுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் வரி முழுக்க உருண்டைகளை வைத்துக்கொண்டு போவாள். பிறகு அவற்றுக்கெல்லாம் குச்சி. பிறகு கட்டம் பிரிக்கும் கோடு. நோட்டை அரைச் சுரம் ஏற்றும் ஷார்ப்பும் இறக்கும் ஃப்ளாட்டும் கடைசியில்தான். ஒவ்வொன்றையும் ஸ்கோரோடு ஒப்பிட்டு, இடது கை ஆள்காட்டி விரலை ஸ்கோரில் ஊன்றிக்கொண்டு வைப்பாள்.

அன்றைக்குக் கடைசியாக இருந்தது பேஸ் தாள். நாலாவது வரிக்கு உருண்டை, குச்சி, கோடு எல்லாம் போட்டாயிற்று. அப்போது முன்னறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் வீடு தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். சொல்லிவிடுவதோடு சரி.

"ஏம்மா, மழை வந்துடுச்சு! மூணு நாளா காயாத துணி, இன்னொரு தரம் குளிக்குது பாரு!"

நோட்டக்கா ஓடினாள். துணியை வாரிக் கொண்டுவந்து நாற்காலி முதுகுகளில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் ஐந்தாவது வரியிலிருந்து தொடங்கினாள். நடந்தது அவ்வளவுதான்.

அந்தத் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டியவர் அவள் புருஷன்.

அவர் பேஸ்காரர். ஆள் உயரத்துக்கு நிற்கிற அந்தப் பெரிய வாத்தியத்தை இருபத்தெட்டு வருஷமாக அதே ஸ்டுடியோவில், அதே மூலையில் நின்று வாசிக்கிறார். வாத்தியம் அங்கேயே கிடக்கும். வில் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்து போகும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வழி நோட்டு. எஃப் நோட்டிலிருந்து ஜி நோட்டுக்குப் போக வேண்டுமென்றால் மற்றவர்கள் ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். அவர் நடுவில் இருக்கும் எஃப் ஷார்ப்பைத் தொட்டுவிட்டுப் போவார். அந்தப் பாட்டின் சுரவரிசையில் அந்த நோட்டுக்கு இடமே இருக்காது. ஆனாலும் அது வந்து போன பிறகு ஜி வரும்போது, கேட்கிறவனுக்கு ஏனென்று தெரியாமலே 'அப்பாடா' என்று இருக்கும். முன்பெல்லாம் மாஸ்டர்கள் பேஸுக்கு எதையும் எழுதித் தர மாட்டார்கள். சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் 'கார்டு'களின் பெயரை மட்டும் போட்டு, "நடுவுல அண்ணன் பாத்துப்பாரு" என்று விட்டுவிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவராகவே போய் மாஸ்டரிடம், இனி எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். வயதாகிறது, யோசித்து வாசிக்க முடியவில்லை என்றார். நோட்டக்காவுக்கு வேலை கூடியது. "உங்க சோம்பேறித்தனத்துக்கு என் விரல் தேயுது" என்று அவள் அப்போது சலித்துக்கொண்டாள். அவர் சிரித்தார்.

வியாழக்கிழமை ரெக்கார்டிங். காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனவர் பதினொரு மணிக்கே திரும்பி வந்துவிட்டார்.

"என்னடா, அதுக்குள்ள வந்துட்ட? கரண்ட் போயிடுச்சா?" என்றாள் அக்காக்காரி, மெஷினை நிறுத்தாமல்.

"இல்லக்கா. சீக்கிரம் முடிஞ்சிடுச்சு."

"அதிசயமா இருக்கே. என்னிக்கும் பொழுது சாஞ்சுதானே வருவ. இன்னிக்கு எல்லாரும் ஒரே மூச்சுல ஒழுங்கா வாசிச்சுத் தொலைச்சிட்டீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். நனைந்த கோட்டு தோளிலேயே இருந்தது. நோட்டக்கா அதை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். இரண்டு முட்டையை உடைத்துப் பொரித்து, ரொட்டியை வாட்டி வைத்தாள். அவர் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் ஓரமாக அடுக்கினார். வாயில் வைக்கவில்லை.

"வில்லு எங்கங்க?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். வில் அங்கே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது.

"அங்கயே வச்சிட்டு வந்துட்டேன் போல. நாளைக்கு எடுத்துக்கலாம்."

இத்தனை வருஷத்தில் அவர் குடையை மறந்திருக்கிறார். பஸ்ஸில் சாப்பாட்டு டப்பாவை விட்டிருக்கிறார். ஒரு தரம் அக்காவையே கடைத்தெருவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். வில்லை மறந்ததில்லை. அவர் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண்ணாடி வந்தான். வயலின் வரிசையில் முதலில் உட்காருகிறவன், சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவன். சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்த வில்லை மேசைமேல் வைத்தான்.

"அண்ணன் தூங்குறாரா?"

"படுத்திருக்காரு. என்னப்பா நடந்துச்சு?"

அவன் ஈரக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நோட்டக்கா டீயை நீட்டினாள். வாங்கிக்கொண்டானே தவிர குடிக்கவில்லை.

"ரெண்டாவது சரணத்துல ஒரு இடம் வருதுக்கா. பேஸ் எஃப்லேருந்து ஜிக்கு ஏறணும், நடுவுல ஷார்ப். முதல் சரணத்துல அதே இடத்தை அண்ணன் அம்சமா வாசிச்சாரு. ரெண்டாவது தரம் வரும்போது ஷார்ப்பக் காணோம், வெறும் எஃப். மாஸ்டர் நிறுத்தினாரு. திரும்ப எடுத்தோம். திரும்பவும் எஃப். மூணு டேக் ஆயிடுச்சு. படத்துக்காரங்க வேற உள்ள உக்காந்திருந்தாங்க. மாஸ்டர் மைக்ல கேட்டாரு, 'பேஸ், அங்க என்ன வாசிக்கிறீங்க?'ன்னு. அண்ணன், 'எழுதினதைத்தான் வாசிக்கிறேன் மாஸ்டர்'னாரு. 'எழுதினது ஷார்ப்புங்க'ன்னாரு அவரு."

"அப்புறம்?"

"அண்ணன் தாளைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் அதை நாலா மடிச்சுக் கோட்டுப் பையில வச்சிக்கிட்டு, 'தப்புதான் மாஸ்டர்'னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. திரும்பி வரவே இல்ல. பேஸ் இல்லாமலே முடிச்சோம்."

அவன் போன பிறகு அவள் கோட்டுப் பையில் கை விட்டாள். தாள் ஈரத்தில் ஊறியிருந்தது. மேசையில் விரித்து, விரலால் தேடிக்கொண்டே போனாள். நாலாவது வரி. எஃப், பக்கத்தில் இன்னொரு எஃப், பிறகு ஜி. நடுவில் இருந்த எஃப்புக்கு முன்னால் ஷார்ப் போடுவதற்காக அவளே விட்ட இடம் வெள்ளையாக இருந்தது. அந்த வரி முழுக்க ஒரு குறிகூட இல்லை. துணி எடுக்க ஓடியது ஞாபகம் வந்தது.

உள்ளே போய் அவரை எழுப்பினாள். அவர் தூங்கவில்லை.

"என் தப்புங்க இது."

"தெரியும்."

"தெரிஞ்சா அங்கயே சொல்றதுக்கு என்ன? தாள்ல ஷார்ப் இல்லன்னு நீட்ட வேண்டியதுதானே?"

"நீட்டி? அத்தனை பேரு நடுவுல உன் கையெழுத்தைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா?"

"காட்டினா என்ன, தலையா போயிடும்? நான் காலையில போய் மாஸ்டர்கிட்டச் சொல்லிடறேன். முடிஞ்சிரும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "போகாத."

"ஏன்?"

"போகாதன்னா போகாத. சொன்னாக் கேளேன்."

தன்னைக் காப்பாற்றத்தான் இத்தனை பிடிவாதம் என்று அவள் நினைத்தாள். அதனாலேயே போய்த் தீருவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஸ்டுடியோவில் மாஸ்டர் தன் சின்ன அறையில் பியானோ முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். புருஷனைவிடப் பத்து வயது சின்னவர். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காராமலே தாளை பியானோவின் மேல் விரித்தாள்.

"மாஸ்டர், இது என் தப்பு. ஷார்ப் நான்தான் போடல. அவரு தாள்ல இருந்ததைத்தான் வாசிச்சிருக்காரு. என்னைத் திட்டுங்க, வேலையிலேருந்து நிறுத்தினாலும் சரி. அவரு மேல ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் தாளைப் பார்த்தார். பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்காமல் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"உக்காருங்க நோட்டக்கா."

உட்கார்ந்தாள்.

"ஷார்ப் விட்டுப்போறது ஒரு குத்தமா? நானே ஸ்கோர்ல எத்தனை விட்டிருக்கேன், நீங்கதானே கண்டுபிடிச்சுத் தருவீங்க. போன வாரம் புல்லாங்குழல் தாள்ல ஒரு ஃப்ளாட் இல்ல. அவரு வாசிச்சாரு, மூஞ்சியைச் சுளிச்சாரு, பென்சிலை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. என்கிட்டச் சொல்லக்கூட இல்ல."

அவர் பியானோவில் வலது கையால் எஃப் ஷார்ப்பை அழுத்திப் பிடித்தார். "வயோலா இதுல நிக்குது." இடது கையால் அடியில் எஃப்பை அழுத்தினார். இரண்டும் சேர்ந்து பல்லைக் கூசவைத்தன. அவர் கையை எடுக்கவில்லை. அவளுக்கு எடுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"இப்பிடி இருந்துச்சு அக்கா. மூணு தரமும் இப்பிடித்தான். டீ கொண்டாந்த அம்மாகூட நின்னு பாத்துட்டுப் போனாங்க. அண்ணன் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி வாசிச்சிட்டிருந்தாரு."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். எல்லாத்தையும் எழுதிக் குடுங்கன்னு கேட்டாரு பாருங்க, அப்பவே. இந்த மனுஷன் எழுதினதை வாசிக்கிற ஆளா? சரி, எழுதிக் குடுத்தா ஓடிட்டுப் போகுதுன்னு விட்டேன். இனிமே என்னால மறைக்க முடியாது. வெளியாளுங்க இருந்தாங்க, கேட்டுட்டாங்க. நீங்க இப்ப இந்தத் தாளைக் கொண்டாந்து காட்டறீங்களே... எனக்கு மட்டும் காட்டினதா இருக்கட்டும். வேற யாருக்கும் காட்டாதீங்க. தப்பு தாள்லன்னா, அவருக்குக் கேக்கலன்னு ஆயிடும். கை தப்பிடுச்சுன்னு நினைக்கிறவங்க அப்பிடியே நினைச்சுக்கட்டும்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு புது ஸ்கோரை எடுத்தார். கொடுப்பதற்கு முன் தயங்கினார்.

"திங்கக்கிழமைக்கு வேணும். பேஸுக்கு வேற ஆள் சொல்லியிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்களைத் தவிர யார்கிட்டக் குடுப்பேன்?"

அவள் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் மேசையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த ஸ்கோரைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"போகாதன்னு சொன்னேனே."

அவள் எதிரே உட்கார்ந்து இன்னொரு கத்தியை எடுத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சீவினார்கள்.

"எப்பலேருந்துங்க?"

"மூணு வருஷம் இருக்கும். முதல்ல அடிக் கம்பி மட்டும். வாத்தியத்துல ஏதோ கோளாறுன்னு கம்பியை மாத்தினேன். அப்புறம் அடுத்த கம்பி."

"நான் பேசறது கேக்குதே."

"நீ பேசறது கேக்குது. அக்கா பேசறது தெருமுனை வரைக்கும் கேக்குது. கீழ இருக்கிற சத்தம்தான் இல்ல. தண்ணிக்கு அடியில லாரி போனா எப்பிடி இருக்கும், அந்த மாதிரி. என்னவோ ஓடுதுன்னு தெரியும். எந்த நோட்டுன்னு தெரியாது."

"டாக்டரைப் பாப்போம்ங்க."

"ரெண்டு பேரைப் பாத்துட்டேன். நரம்புன்னாங்க. மருந்து எழுதினாங்க, சாப்பிட்டேன். இதுக்கு மேல ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு ரெண்டாவது ஆள் சொல்லிட்டாரு. இருக்கிறது இருந்தாப் போதும்னு வேண்டிக்கச் சொன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ என்ன பண்ணுவ?"

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"ட்யூன் எப்பிடிப் பண்ணீங்க இவ்வளவு நாள்?"

அவர் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை வந்தது. "கம்பியை அழுத்தாம லேசாத் தொட்டா விசில் மாதிரி மேல ஒரு சத்தம் வரும். அது எனக்குக் கேக்கும். அதை வச்சுச் சரி பண்ணிப்பேன். அப்புறம் விரலுக்கு இடம் தெரியுமே. அதுபாட்டுக்குப் போகும்."

முன்னறையில் மெஷின் நின்றிருந்தது. நாத்தனார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"யாருக்குக் காது போச்சு? இவனுக்கா? நான் முன்னாடி உக்காந்து பால் பொங்குதுன்னு முணுமுணுத்தா பின்கட்டுலேருந்து ஓடி வரானே!" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏன்டா, என் மெஷின் சத்தம் கேக்குதா உனக்கு?"

"ஊசி குத்தறது டக்டக்னு கேக்குதுக்கா. அந்த உறுமல்தான் கேக்கல."

"என் மெஷின் உறுமுதா?" என்றாள் அவள் திகைத்துப்போய். நோட்டக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவா?"

"உறுமும் அண்ணி."

நாத்தனார் போய் மெஷினில் உட்கார்ந்தாள். துணியில்லாமல் இரண்டு தரம் மிதித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் தைக்கவில்லை.

உருளைக்கிழங்கு எல்லாம் சீவி முடிந்திருந்தது. மூன்று பேருக்கு இது அதிகம். நோட்டக்கா தோலை வழித்துக் குவித்தாள். மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டாள்.

"முதல் சரணத்துல ஷார்ப் இருந்துச்சே. அதே இடம்தானே. அப்ப ஒண்ணும் தோணலையா உங்களுக்கு?"

அவர் கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"தோணுச்சு. விரல் தன்னால ஷார்ப்புக்குத்தான் போச்சு. முதல் டேக்லயே. நான்தான் இழுத்துப் பிடிச்சேன்."

"ஏங்க?"

"தாள்ல இல்லையே. காது போயாச்சு, விரலை மட்டும் நம்பலாமான்னு ஒரு பயம். மாஸ்டர் ரெண்டாவது சரணத்துக்கு மாத்தியிருப்பாருன்னு நினைச்சேன். நீ எழுதி ஒரு நாளும் தப்பு வந்ததில்ல."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் அவளைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள். இப்போது ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த தோலைத் தட்டில் போடுவதா குப்பையில் போடுவதா என்றுகூடத் தெரியாமல் நின்றாள்.

சனியும் ஞாயிறும் எழுதினாள். அவர் எதிரே உட்கார்ந்து, எழுதி முடித்த தாள்களை ஸ்கோரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவராகவே எடுத்துக்கொண்ட வேலை அது. "பன்னிரண்டாவது கட்டம், பி ஃப்ளாட். இருக்கு. பதினாலு, சி ஷார்ப். இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார். பேஸ் தாள் வந்தபோதும் அதே குரலில்தான் சொன்னார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இங்க ஏ நோட்டுலேருந்து சி நோட்டுக்குத் தாவவிட்டுட்டாரு. நடுவுல பியும் பி ஃப்ளாட்டும் சும்மா கிடக்கு. தொட்டுட்டுப் போனா என்னவாம்?"

"மாஸ்டர் எழுதலையே."

"எழுதல. வர்றவன் போட்டுக்குவான், நல்ல ஆளா இருந்தா." அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் வழக்கமான நேரத்துக்கு எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். சட்டை போட்டுக்கொண்டார். அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியாதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டக்கா தாள்களை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, "குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்று வாங்கிக்கொண்டார்.

ஸ்டுடியோ வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. "குடுத்துட்டு வா. நான் இப்பிடி நிக்கிறேன்" என்று பக்கத்துச் சந்தில், ரெக்கார்டிங் அறையின் வெளிச்சுவரை ஒட்டி நின்றுகொண்டார். அவள் கொடுத்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் நின்றார். உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார்.

உள்ளே ட்யூன் செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை தடித்த சுவரைத் தாண்டி வயலினோ குழலோ எதுவும் வரவில்லை. அடிச்சத்தம் ஒன்றுதான் வந்தது. யாரோ பேஸின் அடிக் கம்பியை வில்லால் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார்.

"ம். ட்யூன் பண்றாங்க. புது ஆள்."

"சரியா இருக்கா?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். சரியாக இல்லை. கம்பி ஒரு இழை தாழ்ந்திருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கம்மியா இருக்குங்க."

"எவ்வளவு?"

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார். உள்ளே முறுக்காணியை யாரோ திருகினார்கள். சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. கொஞ்சம் கூடிப்போனது, திரும்பவும் இறங்கியது, திரும்பவும் ஏறியது. சந்தில் போன ஒரு தள்ளுவண்டிக்காரர் இருவரையும் பார்த்து, வழி விடச் சொல்லி மணி அடித்தார். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டாரே தவிர அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப?"

"இன்னும் இல்ல."

இன்னும் ஒரு இழுப்பு. இன்னும் ஒரு திருகல்.

"வந்துடுச்சு," என்றாள்.

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி, வா. போலாம்."